இரண்டாம் முறை எண்ணெயில் குதித்த கிழங்கு

அந்தக் காலத்தில் கிழங்குக்கும் வாய் இருந்தது, மிளகாய்க்கும் வாய் இருந்தது. மிளகாய்க்குக் கொஞ்சம் நீளமான வாய். இரண்டும் கடலுக்கு அப்பாலிருந்து ஒரே கப்பலில் ஸ்பெயின் தேசத்துக்கு வந்து, மாட்ரிட் நகரத்தில் பெனீத்தா என்பவளின் சாப்பாட்டுக் கடையில் இறங்கின.

மிளகாய்க்கு வந்த அன்றே ராஜ மரியாதை. உருளைக்கிழங்கை நாய்கூடச் சீந்தவில்லை.

"மணமும் இல்லை, குணமும் இல்லை. இன்றைக்கும் யாரும் தின்னாவிட்டால் மூட்டையோடு பன்றிக்குத்தான்," என்றாள் பெனீத்தா.

கிழங்குக்கு வயிறு எரிந்தது. தன் உடம்பில் உள்ள தெம்பு அதற்குத் தெரியாதா? கல் சுமப்பவன் ஒரு தட்டு தின்றால் பொழுது சாயும்வரை பசி தாங்குவான். மிளகாயைத் தின்று எவன் பசியாறினான்? ஆனால் பாழாய்ப்போன நாக்கு ருசியல்லவா கேட்கிறது!

"அக்கா, உன் காரத்தை எனக்கும் கொஞ்சம் கொடேன்."

"என் சூடு உனக்குத் தாங்காது தம்பி," என்று சிரித்தது மிளகாய்.

பெனீத்தா அரை மனதோடு கிழங்கை நறுக்கி, எண்ணெயில் வேகவைத்து எடுத்தாள். பாதியைத் தட்டில் வைத்து மிளகாய்க் குழம்பை ஊற்றினாள். துண்டுகள் குழைந்து கூழாகிவிட்டன. கடைக்குச் சாப்பிட வந்த கல் சுமப்பவர்கள் முகம் சுளித்துத் தட்டைத் தள்ளினார்கள்.

"நான்தான் சொன்னேனே. நீ உப்புப் போட்டுத் தின்கிற ஜாதியே இல்லை," என்றது மிளகாய்.

மிச்சத் துண்டுகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுப்பில் எண்ணெய் இப்போது புகைந்துகொண்டிருந்தது. அவை உருண்டு சட்டியின் விளிம்புக்குப் போயின.

"வெந்தவன் எவனாவது திரும்பவும் எண்ணெயில் விழுவானா?" என்று பதறினாள் பெனீத்தா.

"முதலில் நீ போட்டாய், விழுந்தேன். இப்போது நானாகக் குதிக்கிறேன்," என்றது கிழங்கு. குதித்தும்விட்டது.

வெளியே வந்தபோது மேலே மொறுமொறுவென்று பொன்னிறம், உள்ளே வெண்ணெய். எண்ணெய் கொஞ்சம் அதிகம்தான், தினமும் தின்றால் தொப்பை விழும், அதை மறைப்பானேன்! குழம்பை ஊற்றினாள். ஒரு துண்டுகூட அசையவில்லை. கல் சுமப்பவர்கள் கண்ணில் நீர் வழியத் தின்றுவிட்டு, "இன்னொரு தட்டு" என்றார்கள். மூட்டை காலியாயிற்று.

மிளகாய் மெதுவாகச் சொன்னது: "தம்பி, என்னைத் தலையில் தாங்க இந்த ஊரில் உன்னைவிட்டால் ஆளில்லை."

அன்று முதல்தான் மாட்ரிட்டில் கிழங்கை இருமுறை எண்ணெயில் போட்ட பிறகே அதன் தலையில் மிளகாய்க் குழம்பை ஊற்றுகிறார்கள். வீரக் கிழங்கு என்று பொருள்பட 'பட்டாட்டாஸ் பிராவாஸ்' என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்கித் தின்கிறார்கள்.