மலையேறாத பாட்டு

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர், எங்கள் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்த சகாயமேரி. நாளும் கிழமையும் தவறாமல் சொல்லக்கூடியவர். ஆகவே கேட்போரும் அவற்றைத் தவறவிடலாகாது.

கோயம்புத்தூரில், மூடிக்கிடந்த நூற்பாலை ஒன்றின் பஞ்சுக் கிடங்கில் 'கருங்கல்' என்னும் ராக் இசைக்குழு பயிற்சி செய்துவந்தது. கிதார் வாசித்துப் பாடியவன் ரெஜினால்ட். டிரம்ஸ் வாசித்தவள் பூங்கோதை. பாஸ் கிதாரோடு ஒலிப்பதிவையும் பார்த்துக்கொண்டவன் சுல்தான். 'அடிவாரம்' எனப் பெயரிட்ட தங்கள் முதல் இசைத்தொகுப்பில், இடிபோன்ற கிதாரோடு நாகசுரம், தேவாலய ஆர்கன், பக்கீர்களின் பாட்டு, உடுக்கை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடவேண்டும் என்பது அவர்களது பேராசை. பழைய முறையில் ஒலிநாடாவில் பதிந்து, இசைத்தட்டாகவே வெளியிடுவது என்ற பிடிவாதமும் இருந்தது.

"இது பாட்டா, கூட்டாஞ்சோறா?" என்றார் கிடங்குக்காரர்.

"பசிச்சவங்களுக்குத்தானுங்க பரிமாறறோம்," என்றாள் பூங்கோதை.

இறுதிப் பாட்டுக்கு உடுக்கை அடிக்க, ஆனைகட்டிப் பக்கமிருந்து மாரப்பன் வந்தார். கோயில்களில் சாமி அழைப்பவர். அழைப்பு என்று ஓர் அடி உண்டு. அதைக் கேட்டுச் சாமி இறங்கும். மலையேற்றம் என்று மற்றோர் அடி உண்டு. அதைக் கேட்டால்தான் வந்தது திரும்பிப்போகும். பாட்டு அழைப்பில் தொடங்கி மலையேற்றத்தில் முடியவேண்டும் என்பது ஏற்பாடு.

"ஒண்ணு சொல்லிப்போடறேன் அம்மிணி. கூப்பிட்டா அனுப்போணும். கூப்பிட்ட எடத்துலயே அனுப்போணும். இல்லீனா அங்கயே குடியிருந்துக்கும்."

பூங்கோதை அவர் உள்ளங்கையில் அடித்து வாக்குக் கொடுத்தாள்.

பாட்டின் முடிவில் உடுக்கையோடு ஆர்கனும் ஒலிக்கும். ஆர்கன்காரருக்கோ செவ்வாய்க்கிழமை மட்டுமே ஓய்வு. எனவே செவ்வாயன்று முடிவைப் பதிந்தார்கள். நாற்பத்தொரு நொடி மலையேற்றம். "ஆளே வரல. யாரை வழியனுப்பச் சொல்றீங்க?" என்று மாரப்பன் கேட்க, கிடங்கே சிரித்தது.

புதனன்று காலை அழைப்பைப் பதிந்தார்கள். எவரும் சிரிக்கவில்லை. கதவுகள் சாத்தியிருந்தும் மாரப்பனின் வேட்டி நுனி படபடத்தது. உடுக்கையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்து தரையில் விழுந்தது.

"போதுமுங்கய்யா, மிச்சம் நம்மகிட்ட இருக்கு," என்று சுல்தான் பதிவுக் கருவியை நிறுத்தினான். மாரப்பனின் கை மட்டும் சற்றுநேரம் உயர்ந்தபடியே நின்றது. பிறகு அவர் பூங்கோதையைப் பார்த்து, "வாக்கு, அம்மிணி," என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனார். வேப்பிலையை எடுக்கவில்லை.

தட்டின் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் கொள்ளாது என்றார்கள், சென்னையில் தட்டு வார்ப்பவர்கள். மிகுந்ததோ சரியாக நாற்பத்தொரு நொடி. சுல்தான் மலையேற்றத்தை ஓடவிட்டுக்கூடப் பார்க்காமல் பிளேடால் வெட்டி, அந்த நாடாத் துண்டைச் சுவரில் ஆணியில் மாட்டினான். பூங்கோதை ஒன்றும் பேசவில்லை. அதையே சம்மதம் என்று கொண்டார்கள்.

தட்டு வெளிவருவதற்கு இரண்டு வாரம் முன்பு மாரப்பன் உறக்கத்திலேயே காலமானார். தட்டு முந்நூறு பிரதி விற்றது. வாங்கியவர்களில் ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

குறை கிடங்கில்தான் இருந்தது. எட்டு வாரமாகியும் அந்த வேப்பிலை வாடவில்லை. பயிற்சி முடிந்து எல்லோரும் வாத்தியங்களிலிருந்து கையெடுத்த பின்னும், பூங்கோதையின் டிரம் அடியில் கோத்திருந்த கம்பிச்சரம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவள் சரத்தைத் தளர்த்திப் பார்த்தாள். முணுமுணுப்பு நிற்கவில்லை. ஒரு பகலில் சரத்தை அடியோடு கழற்றி மேசைமேல் வைத்தாள். கம்பி இருந்த வெற்றிடத்திலிருந்து அதே ஒலி வந்தது. குனிந்து காது கொடுத்தபோது, வெகுதூரம் நடந்துவந்து போகும் வழி தெரியாமல் நிற்பவரின் மூச்சுப்போல் இருந்தது.

"இது அடங்குற வரைக்கும் நான் குச்சியைத் தொடமாட்டேன்," என்றாள். அவள் தொடாவிட்டால் குழுவே இல்லை.

ஆணியில் தொங்கிய நாடாவை எடுத்தார்கள். கூரை ஒழுகி நனைந்திருந்தது. சுல்தான் விரலால் தடவிப் பார்த்து, "ஒருதடவை ஓடும். அப்புறம் மேல இருக்கற காந்தப் பூச்சு உதிர்ந்துரும்," என்றான்.

ரெஜினால்ட் சொன்னான்: "அவர் ரெண்டையும் இந்தக் கிடங்குலதான் வாசிச்சார். இங்க பாக்கியே இல்ல. நாம வெட்டுனது தட்டுல. சென்னைக்குக் கொண்டுபோய்ப் புதுத் தட்டுல ஏத்துவோம். இடம் வேணும்னா என் கிதாரை வெட்டிக்குங்க."

"என்னிக்கும் உன் கிதாரை வெட்டவிட்டதில்லையே," என்றான் சுல்தான். "ஆனா வாக்கு வாங்குனவர் மண்ணுக்குள்ள இருக்கார். அவரைப் புதைச்ச எடத்துல ஓடவிடறதுதான் நியாயம்."

பூங்கோதை, "இங்கயே ஓடட்டும்," என்றாள்.

"காலிக் கிடங்குல கேக்கறதுக்கு யாரு இருக்கா?" என்றான் ரெஜினால்ட்.

"இருக்காங்க."

இருப்பது ஒரு நாடா. அது ஓடப்போவது ஒரே முறை. இம்மூவரில் யார் சொன்னது சரி?

விடை: பூங்கோதை சொன்னதே சரி. மாரப்பன் இரண்டையும் கிடங்கில் வாசித்தார் என்பது மெய். ஆனால் மலையேற்றம் செவ்வாயன்று, அழைப்பு புதனன்று. பாட்டில் முன்பின்னாக ஒட்டிக்கொள்ளலாம். கிடங்கில் நடந்ததை ஒட்டிக்கொள்ள முடியாது. புதனன்று வந்ததை அங்கே எவரும் அனுப்பவேயில்லை. பிளேடு வெட்டாமல் விட்டிருந்தாலும் அந்தக் கடன் நின்றிருக்கும். தட்டு ஒலித்த முந்நூறு வீடுகளுக்கும் எதுவும் வரவில்லை, மாரப்பனோ நிம்மதியாகப் போய்ச்சேர்ந்தார். ஆகவே மற்ற இருவர் சொன்ன இடங்களிலும் அனுப்புவதற்கு ஆளில்லை. அன்று நண்பகலிலேயே நாடாவை ஓடவிட்டார்கள். பூச்சு கரும்பொடியாக மேசையில் உதிர்ந்தது. கடைசி அடியோடு டிரம் அடங்கியது. சுல்தான் வேப்பிலையைத் தொட்டான், சருகாக நொறுங்கிற்று. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த பூங்கோதை குச்சிகளைக் கையில் எடுத்தாள். திருப்பிச் செலுத்தியது, நாற்பத்தொரு நொடி.