மூடியில் இருந்த குறி

வத்தலக்குண்டில் கொடைக்கானலுக்குப் பிரியும் ரோட்டில் ஒரு கார் பட்டறை. நடத்தியவர் ரோசலின், நாற்பது வயது. அவரிடம் தொழில் படிக்க வந்தவர் சடையாண்டி. அவருக்கு ஐம்பத்திரண்டு. லாரி ஓட்டி ஓட்டி முதுகு போனபிறகு ஸ்பானரைப் பிடித்தவர். வயதில் சின்னவர் என்று பார்க்காமல் "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவார். ரோசலின் அவரை "அண்ணே" என்பார்.

மூன்று வருசம் ஓடிவிட்டது. சடையாண்டி நிலக்கோட்டையில் சொந்தமாகப் பட்டறை வைக்கக் கடை பிடித்துவிட்டார். திங்கட்கிழமை திறக்க வேண்டும். ஆனால் மேஸ்திரி ஒரு வார்த்தை சொல்லாமல் திறக்க மனசில்லை.

"இன்னிக்கு வர்ற முதல் வண்டியை நீங்களே பாருங்கண்ணே," என்றார் ரோசலின். "நான் பக்கத்துலகூட வரமாட்டேன். வண்டி போகட்டும், அப்புறம் சொல்றேன்."

வந்தது காஜா பாயின் பழைய டாக்ஸி. நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இது ஒரு பரீட்சையா என்று சடையாண்டி சிரித்துக்கொண்டார். அரை மணியில் முடித்துச் சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் சுற்றியது. பிடிக்கவில்லை. இன்னொரு தரம். உள்ளே 'பொட்'டென்று ஒரு தும்மல்.

"வண்டிக்குச் சளி பிடிச்சிருச்சாண்ணே?" என்றார் காஜா. "கஷாயம் வாங்கிட்டு வரட்டுமா?"

"சும்மா இருங்க பாய்."

பெட்ரோல் பார்த்தார், வந்தது. ஒரு பிளக்கைக் கழற்றிக் கரண்ட் பார்த்தார், பளிச்சென்று வந்தது. பேட்டரியிலும் குறையில்லை. மறுபடி சாவி, மறுபடி தும்மல். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மத்தியானம்வரை முட்டி மோதிவிட்டு மேஸ்திரியிடம் போனார். ரோசலின் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பெட்ரோல் வருது, கரண்ட் வருது, பிளக்கு புதுசு. இன்னும் என்னதான் வேணுமாம் அதுக்கு?"

"செஞ்சதை வரிசையாச் சொல்லுங்க."

"வயரைப் பிடுங்கினேன். பழைய பிளக்கை எடுத்துட்டுப் புதுசைப் போட்டேன். வயரை மாட்டினேன்."

"இருந்தபடியேவா?"

சடையாண்டிக்குக் கோபமே வந்துவிட்டது. "அதெப்படி மாட்டுவேன்? எவனோ ஒரு மடையன் தப்பா மாட்டி வச்சிருந்தான். நாலு பிளக்குக்கும் கரண்டைப் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில ஒண்ணுன்னு குறி போட்ட எடத்துல மூணாவது பிளக்கோட வயரு. நாலுமே ஒரு எடம் தள்ளித் தள்ளி இருந்துச்சு. நாலையும் குறிப்படி மாத்தி, சரி பண்ணிட்டேன்ல!"

ரோசலின் எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"பாய், மலையேத்தத்துல வண்டி எப்படி இழுக்குது?"

"அதை ஏன்க்கா கேக்குறீங்க. நேத்து ஏழு பேரு, மேல மூட்டை வேற. ஆட்டுக்குட்டியாட்டம் துள்ளி ஏறுச்சு."

"நேத்தா?"

"நேத்து மட்டுமா? ஒம்பது வருசமா அப்படித்தான்."

ரோசலின் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

சடையாண்டி வண்டிக்குத் திரும்பிப் போனார். நாலு வயரையும் பிடுங்கி, பழையபடி ஒவ்வொரு இடம் தள்ளி மாட்டினார். சாவியைத் திருப்பினார்.

முதல் சுற்றிலேயே பிடித்தது.

"கஷாயம் மிச்சம்," என்று சொல்லிவிட்டுக் காஜா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சடையாண்டி திரும்பி வந்தார். "டிஸ்ட்ரிபியூட்டரையே யாரோ திருப்பி உக்கார வச்சிருக்காங்க மேஸ்திரி. அதுக்குத் தக்கன வயரையும் தள்ளி மாட்டியிருக்காங்க. இந்த வண்டிக்கு அந்தக் குறி ஆகாது."

"ம்."

"விவரம் தெரிஞ்சவர் செஞ்ச வேலை. அவரைப் போயி மடையன்னுட்டேன்." குனிந்து கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். "திங்கட்கிழமை வேண்டாம். இன்னும் ஒரு வருசம் இங்கயே இருக்கேன்."

ரோசலின் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தார்.

"கடையைத் திறங்கண்ணே, நானே வந்து தேங்காய் உடைக்கிறேன். நீங்க கைவச்ச வண்டியும் ஒருநாள் இன்னொருத்தர் பட்டறைக்குப் போகணும், அவரும் உங்களை மடையன்னு சொல்லணும்ல."