யார் மட்டி?

கழிமுகச் சேற்றில் மட்டி என்னும் சிப்பி ஒன்று புதைந்து கிடந்தது. அதன் வயிறு நிறைய முட்டை. பக்கத்து வளையில் ஒரு நண்டு. மட்டி வாய் திறந்தால் தின்றுவிடலாம் என்று அதற்கு வெகுநாள் ஆசை.

ஒரு காலையில் விசைப்படகு ஒன்று மணல்திட்டில் மோதி உடைந்தது. டீசல் கசிந்து தண்ணீரெங்கும் பரவியது. மீன்கள் கடலுக்குள் ஓட்டம் பிடித்தன.

"ஐயோ மட்டியக்கா, உன்னால் ஓடவும் முடியாதே!" என்று நண்டு நீலிக்கண்ணீர் வடித்தது. "மூடிக்கொண்டே இருந்தால் மூச்சுமுட்டிச் சாவாய். அகலமாகத் திறந்து வயிற்றைக் கழுவிவிடு!"

"ஆசையைப் பார்! திறந்தால் உன் கொடுக்கு உள்ளே வரும். கொஞ்சமாகத்தான் திறப்பேன்."

"அந்தக் கொஞ்சத்தில் விஷம் வராதா?"

"வரட்டும்! என் வயிற்றில் நொதிகள் என்று வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கே தெரியாத பொடியர்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் அருகருகே இரண்டு குழி. ஒன்று விஷத்தைப் பிடிக்கும். மற்றதில் தண்ணீரோடு சேரும் ஒரு பொருள் இருக்கும். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால் விஷம் தண்ணீரில் கரையும், வெளியே தள்ளிவிடுவேன். அவசரப்படுத்தினால் மட்டும் அவர்களுக்குக் கை ஓடாது."

"தண்ணீர் தெளியும்வரை இப்படியேவா?"

"ஆமாம்! இந்த விஷத்தில் முட்டை விட்டால் ஒன்றுகூடத் தேறாது. தெளிந்த தண்ணீரில் விடாமல் நான் சாகமாட்டேன்!"

"மட்டி என்று சரியாகத்தான் உனக்குப் பேர் வைத்தார்கள்!" நண்டு விழுந்து விழுந்து சிரித்தது. ஓட முடியாத மீன்கள் செத்து, டீசலில் ஊறி ஒதுங்கியிருந்தன. சும்மா கிடைத்ததை விடுவானேன்? மட்டி திறக்கும்வரை இதுதான் சாப்பாடு என்று மூக்குமுட்டத் தின்றது.

மட்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மிடறு இழுக்கும், மூடும், விஷத்தைத் தள்ளும், மறுபடி ஒரு மிடறு இழுக்கும். செத்தே போகலாம் என்றுகூடத் தோன்றியது. முட்டைகளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டது. மட்டிக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள், கடித்தது!

அமாவாசையன்று கடல் பெருகி ஏறி, டீசலை அடித்துக்கொண்டு போனது. மட்டி அகலமாகத் திறந்தது. முட்டைகள் தெளிந்த தண்ணீரில் மிதந்து போயின.

நண்டு பக்கத்திலேயே கிடந்தது. கொடுக்கைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

"அக்கா... உன் வேலைக்காரர்கள் எனக்கு இல்லாமல் போனார்களே!"

"உனக்கும் இருந்தார்களடா! அத்தனை விஷத்தையும் மொத்தமாக அவர்கள் தலையில் கொட்டினாயே. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்?"

"அப்படியானால் மட்டி... நான்தான்!" என்றது நண்டு. அதன்பின் அது பேசவில்லை.

தாங்கும் அளவறிந்து, விடாப்பிடியாக உழைப்பவரே ஆபத்தைக் கடப்பர்.