பத்து விநாடிப் பெட்டி

ரேஷன் கடை வாசலில் மாட்டுவண்டியிலிருந்து காலி மண்ணெண்ணெய் பீப்பாயை உருட்டி இறக்கிய சத்தம். குணசீலனுக்கு அப்போது ஏழு வயது. பீப்பாய் பலகையில் உருண்டு, தரையில் மோதி, ஒரு தரம் எகிறி நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. எதிர்ச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, அவன் வயிற்றுக்குள் சிறிது நேரம் இருந்துவிட்டுப் போனது. அன்றைக்கே அவன் தாளக்காரனாகிவிட்டான். வீட்டுப் பாத்திரங்களுக்குத்தான் அந்தச் செய்தி முதலில் தெரிந்தது.

முப்பது வருஷம் கழித்து அவன் கைக்கு வந்து சேர்ந்த கருவிக்கு மொத்த ஞாபகமே பத்து விநாடி.

டிபன் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. மேலே நாலு ரப்பர் சதுரங்கள். எந்தச் சத்தத்தையும் பதிந்து உள்ளே ஏற்றலாம். குச்சியால் தட்டினால் அதைத் திருப்பிக் கொடுக்கும். அந்த வகையில் இருப்பதிலேயே மலிவானது அதுதான். கரண்டைப் பிடுங்கினால் ஏற்றியதெல்லாம் மறந்துவிடும். ஆகவே மானாமதுரையில் வீட்டிலேயே ஏற்றி, ஆறு பேட்டரி போட்டு, தூங்குகிற பிள்ளையைத் தூக்கி வருவதுபோல மடியில் வைத்துக்கொண்டுதான் கச்சேரிக்கு வருவான்.

இன்றைக்குப் பார்த்திபனூர் தாண்டி ஒரு வேகத்தடையில் வேன் எகிறியது. பேட்டரி மூடி திறந்து ஆறும் சீட்டுக்கடியில் ஓடிவிட்டன. அவன் யாருக்கும் தெரியாமல் பொறுக்கிப் போட்டான். பரமக்குடி கல்யாண மண்டபத்தில் இறங்கியதும் ஒரு மூலைக்குப் போய், காதில் ஹெட்போன் மாட்டித் தட்டிப் பார்த்தான். நாலு சதுரத்திலும் ஒன்றுமில்லை. ஊருக்குப் போய், சத்தங்களைப் பதிந்து வைத்த டேப்பை எடுத்து வந்து மறுபடி ஏற்ற மூன்று மணி நேரம் வேண்டும். ஆறரைக்கு வரவேற்பு. மணி ஐந்து ஆகப் போகிறது.

மெல்லிசைக் குழுவை நடத்துகிறவள் மங்கையர்க்கரசி. பாடுகிறவளும் அவளேதான். போன மாதம் இளையான்குடியில் பாதிப் பாட்டில் பெட்டி ஊமையானபோது, மேடையை விட்டு இறங்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள்: "குணா, இன்னொரு தடவை இது காலை வாரினா எமனேஸ்வரம் கிருபாகரனைக் கூப்பிட்டுருவேன். அவன்கிட்ட பெரிய ரிதம் பேடு இருக்கு. அப்புறம் என் மேல வருத்தப்படக்கூடாது."

எமனேஸ்வரம், வைகைப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான்.

மண்டபத்தில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர்காரர் டீசல் வாங்கப் போயிருந்தார். கரண்ட் வந்துவிட்டால் ஒவ்வொரு கருவியாகத் தட்டிப் பார்ப்பார்கள். குணசீலன் தலைக்கு மேலே நின்றிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"பெட்டி எப்படிப்பா இருக்கு?" என்றார் பேஸ் கிட்டார் வாசிக்கும் தாவூத் பாய். சும்மா கேட்டார்.

"அதுக்கென்ன பாய், ராஜா மாதிரி இருக்கு. உலகத்துல பத்து விநாடிய வச்சுக் குடும்பம் நடத்துறவன் நான் ஒருத்தன்தான்."

"ஆரம்பிச்சுட்டாருய்யா" என்றான் கீபோர்டு ஜெயபால்.

"கேளு ஜெயபாலு. நாலு பேருக்குப் பத்து விநாடி. தபலாவுக்கு ரெண்டு, டோலக்குக்கு ரெண்டு, பெரிய டிரம்முக்கு நாலு. ஜால்ராவுக்கு என்ன மிச்சம்? ரெண்டு. அதுலயும் டோலக்கு கொஞ்சம் கடன் வாங்கிரும். ஜால்ராவ 'ஜிங்'னு முழுசா வைக்க எடமில்ல. 'ஜி' மட்டுந்தான் உள்ள வச்சேன். மிச்ச 'ங்'க நான் மூக்கால குடுத்தேன். நாலு வருஷம். ஒரு பயலுக்குத் தெரியல. அப்புறம் மூக்கு அடைக்குதுன்னு மதுரையில டாக்டர்கிட்ட போனேன். லைட்டு அடிச்சுப் பார்த்தாரு. 'எத்தனை வருஷமாப்பா உள்ள வெண்கலம் படிஞ்சிருக்கு?'ன்னு கேட்டாரு."

"எடுத்தாராமா?"

"எடுத்தாரு. ரெண்டு குத்துவிளக்குக்கு ஆச்சு. என் தங்கச்சி கல்யாணத்துக்குக் குடுத்தோம்."

தாவூத் பாய் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த மங்கை அக்கா நிமிரவில்லை. அவள் சிரித்திருந்தால் குணசீலன் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பான். அவள் சிரிக்காததால் கதையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருந்தது.

"எடமில்லாம வெட்டுன சத்தத்தோட வாலெல்லாம் என்ன பண்ணேன்னு நீங்க கேக்கலியே. சத்தத்த வீணாக்கலாமா? எல்லாத்தையும் ஒரு பிளாஸ்க்ல போட்டு மூடி வச்சேன். டிரம்மு வாலு, தவுலு வாலு, ஒரு கோயில் மணியோட முக்காவாசி வாலு."

"பிளாஸ்க்ல சத்தம் நிக்குமாண்ணே?"

"நல்ல மூடி. ஒருநாள் என் சம்சாரம் பவளக்கொடி, காப்பி இருக்குன்னு நெனச்சுத் தொறந்துட்டா. மூணு நாள் ஓயல. ஓடு அத்தனையும் எடம் மாறி உக்காந்துச்சு. எதிர்வீட்டுக் கிழவருக்கு இருபது வருஷமா காது கேக்காது. வெளிய வந்து, 'யாரு கூப்பிட்டது?'ன்னாரு. பவளக்கொடி இன்னமும் என்கிட்டப் பேசுறதில்ல. கேட்டா, அன்னைக்கே கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டேங்கிறா."

"அது பிளாஸ்க்குனால இல்ல" என்றாள் மங்கை அக்கா. "நீ காது குத்துக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கச்சேரிக்கு வந்ததுனால."

"அதுவும் ஒரு காரணம்க்கா" என்றான் அவன் பணிவாக. மின்விசிறியைப் பார்த்தான். அசையவில்லை.

"காளையார்கோவில் கல்யாணம் தெரியுமா? நாயனக்காரங்க வண்டி வழியில படுத்துருச்சு. முகூர்த்தம் நெருங்குது. பொண்ணோட மாமா ஓடி வர்றாரு. 'தம்பி, கெட்டிமேளத்துக்கு உங்க பெட்டிதான் கதி.' என்கிட்ட மேளம் இருக்கு. ரெண்டு விநாடிதான் இருக்கு. சரின்னு தட்டினேன். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டாரு, மேளம் முடிஞ்சுபோச்சு. எல்லாரும் அட்சதைய கையில வச்சுக்கிட்டு என்னையப் பாக்குறாங்க. மறுபடி தட்டினேன். ரெண்டாவது முடிச்சு. மூணாவதுக்குத் தட்டுறேன், பேட்டரி தீந்துபோச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஒன்பது வருஷமா ரெண்டு முடிச்சுலதான் குடும்பம் ஓடுது. சண்டை வர்றப்பல்லாம் போன் பண்றாங்க. 'வந்து அந்த மூணாவதைத் தட்டிட்டுப் போ'ங்கிறாங்க. நான் பிடி குடுக்கல. தட்டிட்டா அப்புறம் பிரியவே முடியாது பாருங்க, பாவம்."

ஜெயபால் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான். அது குணசீலனுக்குப் போதுமானதாக இருந்தது. சிறுமையை மறைக்கத் தெரியாதவன் அதைப் பெரிதாக்கிக் காட்டத் தெரிந்துகொள்கிறான். இவனுக்கு அது ரொம்ப நாளைய பழக்கம்.

"பெட்டியில இன்னொரு சங்கடம். ஒரு நேரத்துல ஒரு சத்தந்தான். ரெண்டாவதைத் தட்டினா மொதல்ல ஒலிச்சுக்கிட்டு இருக்கிறது செத்துரும். ஆரம்பத்துல தன் சத்தத்தைத்தான் கொன்னுச்சு. அப்புறம் கை பழகிருச்சு. ஒருநாள் டிரம்மு தட்டுறேன், ஜெயபால் கீபோர்டு நின்னுபோச்சு."

"அது பிளக்கு கழண்டதுண்ணே."

"ஏன் கழண்டுச்சு? பயத்துல கழண்டுச்சு. அடுத்து வார்டு மெம்பர் வாழ்த்திப் பேசுறாரு. 'இந்தப் பொன்னான நேரத்திலே'ங்கிறாரு. தட்டினேன். வாய் அசையுது, குரல் இல்ல. சனம் கை தட்டுச்சு. அன்னையிலருந்து பேச்சாளருங்க வர்ற கல்யாணத்துக்கெல்லாம் என்னையத் தேடி வந்தாங்க. கடைசியா மானாமதுரை ஜங்ஷன் பக்கம் ஒரு கச்சேரி. பாட்டு நடுவுல கூட்ஸ் வண்டி வருது. ஐம்பத்தெட்டுப் பெட்டி. தட்டினேன். வண்டி ஓடுது, சத்தத்தைக் காணோம். பூனை மாதிரி போகுது. கடைசிப் பெட்டியிலருந்து கார்டு குதிச்சு ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. 'ஐயா, எங்க சத்தத்தத் திருப்பிக் குடுத்துருங்க, அது கவர்மெண்டு சொத்து.'"

தாவூத் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குடுத்தியாப்பா?"

"எங்க பாய் குடுக்குறது? பத்து விநாடியில எம்புட்டுக் கொள்ளும்? ரெண்டு பெட்டிச் சத்தம் குடுத்தேன். மீதிக்கு எழுதிக் குடுத்தேன்."

வெளியே ஒரு மொபெட் வந்து நின்றது. டீசல் கேனைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. குணசீலன் குரலை உயர்த்தாமல் வேகத்தை மட்டும் கூட்டினான்.

"ஆனா பெரிய சங்கடம் அதில்ல. தட்டினா உடனே சத்தம் வராது. கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் வரும். அதனால முன்கூட்டியே தட்டப் பழகுனேன். மொதல்ல அரை அடி முன்னாடி. பெட்டிக்கு வயசாக வயசாக யோசனையும் கூடிப்போச்சு. பல்லவி பாடும்போதே சரணத்துக்குத் தட்டுவேன். அப்புறம் மொதப் பாட்டுல அடுத்த பாட்டுக்கு. போன தை மாசம் காலையில குளிக்கப் போறதுக்கு முன்னாடி முழுக் கச்சேரியையும் வீட்டுல தட்டிட்டு, பஸ் ஏறி வந்து மேடையில கைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு அடி பிசகல. அக்காவே நல்லா வாசிச்சேன்னு சொன்னாங்க."

ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. மின்விசிறிகள் சுற்றத் தொடங்கின. ஒலிபெருக்கிகள் உறுமி எழுந்தன.

மங்கை அக்கா மைக்கைக் கையில் எடுத்தாள். "போதும். எங்க, ஒரு தட்டு தட்டு பாப்போம்."

குணசீலன் எழுந்திருக்கவில்லை. குச்சிகளை மடியில் அடுக்கி வைத்தான்.

"இன்னைக்கு உள்ளத நேத்தே தட்டி முடிச்சுட்டேன்க்கா. பெட்டியில ஒண்ணும் இல்ல."

ஜெயபால் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். தாவூத் பாய் ஒரு குச்சியை எடுத்து நாலு சதுரத்தையும் வரிசையாகத் தட்டினார். ரப்பரில் கட்டை படும் சத்தம் மட்டும் கேட்டது.

மங்கை அக்கா மைக்கைக் கீழே வைத்தாள். கோபமாகத் தெரியவில்லை.

"அப்ப சனங்க கை தட்டுறதும் நேத்தே முடிஞ்சிருக்கும்" என்றாள். "ஜெயபாலு, கிருபாகரனுக்குப் போன் போடு."

கிருபாகரன் ஒத்துக்கொண்டான். ஆனால் வேறொரு வீட்டில் கழற்றி வைத்த பேடை எடுத்துக்கொண்டு வர ஏழேகால் ஆகும் என்றான். ஆறரைக்கே கூடம் நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் மேடையைப் பார்த்து முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மங்கை அக்கா மைக்கைக் குணசீலன் கையில் திணித்து, முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். "வேன்ல பேட்டரி உருண்டது எனக்கும் கேட்டுச்சு. எங்ககிட்ட அளந்ததை அவங்ககிட்டப் போய் அள. ஏழேகால் வரைக்கும்."

அவன் ஏழேமுக்கால் வரைக்கும் பேசினான். கிருபாகரன் வந்து, பேடை மாட்டி, கால்மணி நேரம் அவனும் உட்கார்ந்து கேட்டான்.

அதற்குப் பிறகு பதினாறு வருஷம், அந்தக் குழுவில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பேசுகிறவனாக குணசீலன் இருந்தான். தாளத்தில் அவனை மறுபடி யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.