சத்தம் போடாத வாத்துகள்

ஒரு வழக்கு சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதில் குற்றம் சாட்டத் தகுந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எதையும் மறைக்கப் போவதில்லை.

வீராணம் ஏரிக்குக் கீழே எங்கள் ஊர். நான் முப்பத்தொரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகிவிட்டாள், மகன் குவைத்தில் இருக்கிறான். வீட்டில் நானும் மருமகள் வேதவல்லியும்தான். அவளிடம் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் இருந்தன. அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வந்தவர்களிடம், முட்டைக்கு ஆகும் என்று நாலு வாத்தும் வாங்கினாள். பக்கத்து வீட்டுச் சம்பந்தம் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறார். அவர் தூக்கம் கெடக்கூடாது என்று, கத்தாத வாத்தாகப் பார்த்துப் பொறுக்கினாள். நல்ல மனசுதான். ஆனால் வாத்தில் ஊரைக் கூட்டுவது பெட்டை. ஆணுக்குத் தொண்டை கட்டிய மாதிரி ஒரு கரகரப்போடு சரி. இது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வந்து சேர்ந்த நாலும் ஆண்.

கோழியையும் வாத்தையும் ஒரே கொட்டகையில் விட்டோம். வாத்துகள் தண்ணீர்த் தொட்டியில் தலையை முக்கி உதறி, தரையைச் சேறாக்கின. ஈரத்தில் நின்ற கோழிகளுக்குச் சளி பிடித்தது.

"இதுங்கள தனியா அடைக்கணும் மாமா," என்று வேதவல்லி முதல் வாரத்திலேயே சொன்னாள்.

"அடைக்கலாம், அடைக்கலாம்," என்றேன். மூங்கில் தட்டி கொல்லையில் சும்மாதான் கிடந்தது. இன்று நாளை என்று தள்ளிப் போட்டேன்.

அப்புறம் கோழிகளுக்குக் காயம் பட ஆரம்பித்தது. பின்கழுத்தில் இறகு போய், முதுகில் ரத்தம் கட்டியிருந்தது. கீரியாக இருக்கும் என்று பேசிக்கொண்டோம். ஒருநாள் காலையில் கொட்டகையைத் திறந்தபோது நான் கண்ணால் பார்த்தேன். ஒரு வாத்து கோழியின் பின்கழுத்தை அலகால் கவ்விக்கொண்டு மேலே ஏறியிருந்தது. இன்னொன்று தன் முறைக்குக் காத்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"என்ன மாமா, கீரி வந்துச்சா?" என்று உள்ளேயிருந்து வேதவல்லி கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா."

மாமனார் மருமகளிடம் இதை எந்த வாயால் சொல்வது? மனைவி இருந்திருந்தால் அவள் காதில் போட்டிருப்பேன். பஸ்ஸில் அத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியவன், வீட்டில் வாயடைத்துப் போனேன்.

மறுநாள் ஒரு கோழி செத்துக் கிடந்தது. சம்பந்தம் வளர்க்கும் பிஸ்கட் என்ற நாய், வாயில் ஓர் இறகோடு வேலியோரம் போனதை வேதவல்லி பார்த்துவிட்டாள். கொல்லை பூராவும் இறகுதான் கொட்டிக் கிடந்தது. நேரே போய்ச் சம்பந்தத்தின் மனைவி புஷ்பாவதியிடம் சொன்னாள்.

"அத்தை, உங்க நாய்தான் எங்க கோழியக் கடிச்சிக் கொன்னுருக்கு."

"அது செஞ்சிருக்காது," என்று கட்டிலில் இருந்து சம்பந்தம் குழறினார். அவருக்கு நாள் முழுக்கத் துணை அந்த நாய் ஒன்றுதான். எனக்கு எல்லாம் கேட்டது. நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டேன்.

பத்து நாளில் இன்னும் இரண்டு கோழிகள் போயின. அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வேண்டாம் என்று புஷ்பாவதி தன் தம்பியை வரச் சொன்னாள். அவன் பிஸ்கட்டைச் சாக்கில் போட்டு மொபெட்டில் வைத்து, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டான். வண்டி கிளம்பும்போது நான் வாசலில்தான் நின்றேன். அப்போது என் வாயை அடைத்தது அந்தப் பழைய வெட்கம் இல்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம்.

அன்று சாயங்காலமே தட்டியைக் கட்டி வாத்துகளைத் தனியாக அடைத்தேன். கொட்டகை சேறாகிறது என்று வேதவல்லியிடம் காரணம் சொன்னேன். ஒரு வாரத்தில் கோழிகளின் காயம் ஆறியது.

"பாத்தீங்களா மாமா, நாய் போனதும் எல்லாம் தேறிடுச்சி," என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் புஷ்பாவதி முட்டையிடப் போகும் பருவத்தில் ஒரு விடைக்கோழியைக் கொண்டுவந்து நீட்டினாள். "எங்களால உங்களுக்கு நஷ்டம் அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க." எதற்கம்மா இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டேன். சம்பந்தம் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

வேதவல்லி பார்க்காததைப் பார்த்ததுபோலச் சொன்னாள். புஷ்பாவதி தீர விசாரிக்காமல் வளர்த்த பிராணியை அனுப்பினாள். நான் பார்த்ததைச் சொல்லவில்லை, அதுவோ மருமகளிடம் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. இந்த மூவரில் பிஸ்கட்டை ஊரைவிட்டுத் துரத்தியது யார்? யாருடைய மானமும் போகாமல் அதைக் காப்பாற்ற வழி இருந்ததா?

விடை: நான்தான். வழியும் இருந்தது. கொட்டகை சேறாகிறது, தனியாக அடையுங்கள் என்று மருமகளே முதல் வாரத்தில் காரணத்தை என் கையில் கொடுத்திருந்தாள். பார்த்த அன்றே தட்டியைக் கட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே வேண்டாம். நாய் போன பிறகு கட்டியதால், அதன் மேல் விழுந்த பழிக்கு நானே சாட்சியும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நேற்று பக்கத்து வீட்டுக்குப் போனேன். சம்பந்தம் கட்டிலில் இருந்தபடி, "கோழிங்கல்லாம் இப்ப நல்லாருக்கா?" என்று கேட்டார். "நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.