ஊனாவின் ஜன்னலில் பூத்த பூ

அந்தக் காலத்தில் சிலந்திகளுக்குப் பேச்சு உண்டு. 1847 பிப்ரவரியில், அயர்லாந்தின் மேற்குக் கரையில் பதினொரு வீடுகள் கொண்ட ஊர் ஒன்றில் ஊனா என்பவள் லேஸ் பின்னிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். முந்தைய வருஷம் உருளைக்கிழங்கு வயலிலேயே அழுகிப்போயிருந்தது. அந்த ஊருக்குக் லேஸ் பின்னும் குரோஷா என்ற கொக்கி ஊசிதான் சோறு போட்டது. லேஸில் வீட்டுக்கு ஒரு பூ வடிவம். அடுத்த வீட்டுப் பூவைப் பின்னினால் திருட்டு. அதனால் யாராவது கதவைத் தட்டினால், கையில் இருப்பதை ஒளித்துவிட்டுத்தான் திறப்பார்கள்.

ஊனாவின் பூ அவள் அம்மா பின்னிவைத்த ஒரே ஒரு மாதிரித் துண்டு. அதைப் பார்த்துப் பார்த்தே பின்னிப் பழகியவள், பார்க்காமல் பின்ன வராது. பின்னியதெல்லாம் விற்றுப்போயிருந்தது.

ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. ஊனா அவசரமாக மாதிரியை அடுப்பின் மேலிருந்த கெட்டிலுக்குப் பின்னால் செருகினாள். பக்கத்து வீட்டு ஹொனோரா தணல் வாங்கிக்கொண்டு போவதற்குள் அது நழுவி நெருப்பில் விழுந்து கருகிவிட்டது.

"போச்சு. வெள்ளிக்கிழமை லேஸ் வியாபாரி வந்தால் எதைக் கொடுப்பேன்?" என்றாள் ஊனா.

"அந்தப் பூ எனக்குத் தெரியும்," என்றது உத்தரத்துச் சிலந்தி.

"நீயும் பார்த்தாயா?"

"தட்டினால்தானே ஒளிப்பாய். நான் தட்டவே இல்லையே."

விடிவதற்குள் சிலந்தி பூவை நெய்து முடித்தது. வெளிச்சம் வருவது கண்ணாடியில்லாத ஒரே ஜன்னல் வழியாகத்தான், அங்கேதான் நெய்தது. பனித்துளி கோத்து ஒவ்வொரு கண்ணியும் துலக்கமாகத் தெரிந்தது, வெளியிலிருந்து பார்த்தாலும். வெளியே ஹொனோரா நின்றிருந்தாள்.

ஊனா துடைப்பத்தைத் தூக்கினாள். சிலந்தி மூலைக்கு ஓடியது. பூவைக் கலைத்தால் மறுபடி கிடைக்காது என்று உறைக்கவே, துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஏப்ரனை அவிழ்த்து ஜன்னலில் தொங்கவிட்டாள். வீடு இருண்டது. கண்ணிகளை எண்ண முடியவில்லை.

"என்ன ஊனா, துணி காயப்போடுகிறாயா?" என்றாள் வெளியே இருந்தவள்.

ஊனா ஏப்ரனை எடுத்தாள்.

"வெளிச்சத்தை மறைக்காதே. பார்க்கத்தான் வேண்டுமென்றால் உள்ளே வந்து பார்."

வெள்ளிக்கிழமை வியாபாரி இரண்டு வீட்டிலும் ஒரே பூவைக் கண்டு முணுமுணுத்தான். ஆனாலும் வாங்கிக்கொண்டான்.

ஊனா துடைப்பத்தைத் தூக்கிய அன்று முதல்தான் சிலந்தி வலையை வெளிச்சத்தில் கட்டிவிட்டுத் தான் மட்டும் மூலையில் பதுங்குகிறது, வாயும் திறப்பதில்லை. 1848 மார்ச்சில் ஊனா காய்ச்சலில் இறந்தாள். அந்த மே மாதம் ஹொனோரா அதே பூவைப் பின்னி விற்றாள்.