வடைக்கு ஒரு வர்ணனை

கொடைக்கானலில் ஓட்டல் வைத்திருக்கும் தனபாலனுக்கு, இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்வந்த நாளிலிருந்து 'குட்', 'நைஸ்' என்று தேய்ந்துபோன வார்த்தைகளை யார் சொன்னாலும் உடம்பெல்லாம் அரிக்கும். அன்று காலை, பரிமாறும் எமல்டாவைக் கூப்பிட்டார்.

"நேத்து மிஞ்சின வடையை மறுபடி எண்ணெயில போட்டு எடுத்தாச்சு. வர்ற டூரிஸ்ட்டுங்ககிட்ட நல்ல வர்ணனையா ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லி வித்துடு. 'நைஸ்'னு வாயைத் தொறந்தே, நாளைலேருந்து வேலைக்கு வராதே."

"பொய் சொல்லாம ஒரு வார்த்தை சொல்லிடறேன், முதலாளி."

சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று உட்கார்ந்தது. எமல்டா தட்டை நீட்டினாள்.

"நாஸ்டால்ஜிக் வடை, சார்."

"அப்படி ஒரு வடையா? என்னம்மா அர்த்தம்?"

"முதலாளி என்னைவிட அழகாச் சொல்லுவாரு, சார்."

விட்டுவிடுவாரா தனபாலன்? கல்லாவிலிருந்து எழுந்து வந்து, ஓட்டல் முழுக்கக் கேட்கும்படி விளக்கினார். "கடந்துபோன நாளை நினைச்சு ஏங்குறது, சார்."

"இந்த வடை எந்த நாளை நினைச்சு ஏங்குது?"

"நேத்தை, சார்," என்றாள் எமல்டா.

எல்லா மேசையிலும் வடைத் தட்டுகள் ஓரமாக நகர்ந்தன. தனபாலன் அவளை வேலையை விட்டு அனுப்பக் காரணம் தேடினார். அவள்தான் 'நைஸ்' என்று சொல்லவே இல்லையே.